கிணற்றுக்குள் மயிலை, கயிற்றில் ஊர்

போன மாதம் எங்கள் சந்தியில் மின்மாற்றி ஏற்ற ஒரு கிறேன் வந்தது. மஞ்சள் தொப்பி போட்ட நான்கு இளைஞர்கள். பாரம் அந்தரத்தில் தொங்குகிறது. அதற்கு நேர் கீழே நின்று ஒருவன் போனில் கதைத்துச் சிரிக்கிறான். நான் சைக்கிளை வேலியோடு சாத்திவிட்டுப் போய்ச் சத்தம் போட்டேன். “ஐயா, கம்பி அறாது. எல்லாம் கொம்பியூட்டர்” என்றான். அதற்கு நான் சொன்ன பதிலை இந்த மலரில் அச்சிட முடியாது. பக்கத்தில் நின்று கேட்ட எங்கள் சனசமூக நிலையத் தலைவர், “அண்ணை, உந்தக் கோவத்தை அப்பிடியே எழுதித் தாங்கோ, மலருக்குப் போடுவம்” என்றார். எழுதுகிறேன். அலங்காரம் எதிர்பார்க்க வேண்டாம்.

என் தொழில் பாரம் தூக்குவது. எண்பத்துமூன்றில் ஒரு பெரிய ஆலையின் தூக்குவேலைப் பிரிவில் சேர்ந்தேன். பயிற்சி என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. சங்கிலிக்கு எண்ணெய் பூசினேன், கயிறு சுற்றினேன், ஏச்சு வாங்கினேன். தொழில் என்று தெரிந்ததெல்லாம் போர்மன் மரியாம்பிள்ளையைப் பார்த்துத் தெரிந்தது.

கட்டையான ஆள். வெள்ளைச் சேட்டுத்தான் போடுவார். எண்ணெய்க்குள் நின்றாலும் அதில் ஒரு பொட்டு அழுக்குப் படாது. குரலை உயர்த்தவே மாட்டார். என்னைப் போல வாய் நீண்டவனுக்கு அதுதான் பெரிய எரிச்சல். எதைத் தூக்குவதானாலும் முதலில் அதைச் சுற்றி ஒருமுறை நடப்பார். பிறகு கயிற்றை, கப்பியை, கொளுக்கியை விரலால் தடவிப் பார்ப்பார். அதன் பிறகு வேலையில் நிற்கும் ஒவ்வொருவன் முன்னாலும் போய் ஒரே ஒரு சொல் கேட்பார்.

“அறுந்தால்?”

இந்த நிமிடம் கயிறு அறுந்தால் அது எந்தப் பக்கம் அடிக்கும், பாரம் எங்கே விழும், நீ எங்கே நிற்பாய் என்பதுதான் கேள்வி. கையைக் காட்டிப் பதில் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாமல் முழித்தால், “போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வாரும்” என்பார். அவ்வளவுதான். அந்தத் தூக்கு முடியும்வரை நீ தேத்தண்ணீர்க் கடையில். முதல் வருடத்தில் நான் குடித்த தேத்தண்ணீரில் ஒரு கடைக்காரன் வீடு கட்டியிருப்பான்.

சேட்டுப் பைக்குள் நூற்பந்து ஒன்று வைத்திருப்பார். புதிதாக வந்தவன் முன்னால் கனமான இரும்புப் பூட்டு ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிடுவார். பூட்டின் அடியிலும் அதே நூலில் ஒரு துண்டைத் தொங்கவிடுவார். அடி நூலைப் பிடித்து மெல்ல மெல்ல இழுக்கச் சொல்வார். இழுத்தால் மேல் நூல் அறும். பூட்டின் பாரமும் உன் இழுவையும் சேர்ந்து அதன் தலையில்தானே விழுகிறது. பிறகு புதிய நூல் கட்டி, இப்போது வெடுக்கென்று வெட்டி இழுக்கச் சொல்வார். வெட்டி இழுத்தால் அடி நூல் அறும். மேல் நூலுக்கு ஒன்றும் ஆகாது. பூட்டு அசையவும் மாட்டாது.

பாரமான சாமான் சோம்பேறி. நின்றால் நிற்கப் பார்க்கும், ஓடினால் ஓடப் பார்க்கும். அதை அவசரப்படுத்தினால் அது எழும்ப முன்னம் நூல் போய்விடும். பள்ளிக்கூடத்தில் இதற்குச் சடத்துவம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மரியாம்பிள்ளையர் பெயரெல்லாம் சொல்லவில்லை. “பாரத்தைக் கெஞ்சித் தூக்கவேணும்” என்பார்.

ஒருநாள் பெரிய மோட்டார் ஒன்றைத் தூக்கிக்கொண்டிருந்தோம். ஆலைக்குப் புதிதாக வந்திருந்த இஞ்சினியர் ஒருவர் ஆர்வமாக நடந்து வந்து, கயிறு திரும்புகிற மூலைக்குள் நின்றுகொண்டார். மரியாம்பிள்ளையர் இரண்டு விரலை உயர்த்தினார். வேலை நின்றது. மோட்டார் நிலத்திலிருந்து ஒரு முழத்தில் தொங்குகிறது. இவர் ஒரு பெட்டியில் குந்தி, சுருட்டைப் பற்றவைத்தார்.

“என்ன போர்மன், பிரச்சினையோ?” என்றார் இஞ்சினியர்.

“ஒண்டுமில்லை சேர். நீங்கள் பாத்து முடியட்டும்.”

சுருட்டு அரைவாசி எரிந்தது. இஞ்சினியர் கயிற்றைப் பார்த்தார், கப்பியைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். சிரித்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார். நல்ல மனிதர். அதற்குப் பிறகு எங்கே வேலை நடந்தாலும், “நான் எங்கை நிக்கட்டும்?” என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்.

தொண்ணூறில் சண்டை வந்து ஆலை மூடியது. மரியாம்பிள்ளையர் மன்னார்ப் பக்கம் போனார். நான் மனைவியின் ஊரான புத்தூருக்கு வந்தேன். சங்கிலிக் கப்பிகள் எல்லாம் அங்கேயே கிடந்து துருப்பிடித்தன. புத்தூரில் கிணற்றுக்குள் விழுந்த வாளியும் பழுதாய்ப்போன பம்பும் தூக்கிக் காலம் போனது. ஆலையில் தொன் கணக்கில் தூக்கியவன் வாளி தூக்குகிறான் என்று மச்சான்மார் பகிடி பண்ணினார்கள்.

அந்தக் காலத்தில்தான் பாக்கியத்தின் மாடு கிணற்றுக்குள் விழுந்தது.

பாக்கியம் எங்கள் ஒடுங்கிய ஒழுங்கைத் தெருவில் கடைசி வீடு. புருஷன் இல்லை, மூன்று பெண்பிள்ளைகள். சொத்து என்றால் ஒரு மாட்டு வண்டிலும் இரண்டு எருதுகளும்: செம்பழுப்பில் ஒன்று, சாம்பல் நிறத்தில் ஒன்று. சாம்பலுக்கு மயிலை என்று பெயர். டீசல் இல்லாமல் ஊரிலுள்ள உழவு இயந்திரங்களில் கோழி அடைகாத்த நேரம் அது. ஊரில் பாதித் தோட்டத்தை அந்த இரண்டு மாடும்தான் உழுதன. அந்தக் கூலியில்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது. ஒரு மாடு போனால் சோடி போனது. ஒற்றை மாட்டைக் கட்டி எவனும் உழமாட்டான். அதனால் விழுந்தது மாடு மட்டுமில்லை.

மத்தியான நேரம். மாடுகளை அவிழ்த்துத் தொட்டியில் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். குண்டு போடுகிற பொம்மர் விமானம் ஒன்று தலைக்குமேல் பதிந்து போனது. சனம் வீட்டுக்கு வீடு வெட்டி வைத்த பங்கர் குழிகளுக்குள் பாய்ந்தது. மயிலைக்குப் பங்கர் இல்லை. அது தோட்டத்தால் ஓடியது. எதிரே கிணறு. மாடு கண்டதுதான், நான்கு காலையும் ஊன்றிப் பார்த்ததுதான். ஆனால் அத்தனை பாரம் அத்தனை வேகத்தில் வந்தால் நினைத்த இடத்தில் நிற்குமா? கட்டில்லாத பக்கமாக உள்ளே போய்விட்டது. நல்லகாலம், நெஞ்சளவு தண்ணீர். கால் முறியவில்லை. மேலே பார்த்துக் கத்தியது.

நான் போனபோது ஊர் முழுக்கக் கிணற்றடியில். ஆளுக்கொரு யோசனை. எங்கள் ஊர் அதிகாரி விதானையார், கிணற்றுக்குள் தண்ணீரை இறைத்து நிரப்பினால் மாடு மிதந்து வரும் என்றார். எங்கள் மண்ணின் அடி முழுக்கச் சுண்ணாம்புக்கல், ஓட்டை ஓட்டையாக. பக்கத்துக் கிணற்றில் இறைத்து இதற்குள் விட்டால் அது அடியால் பக்கத்துக் கிணற்றுக்கே போய்ச் சேரும். ஊரில் மிஞ்சியிருந்த மண்ணெண்ணெயும் பம்புக்கே போய்விடும். சொன்னேன். மரியாதையாகச் சொல்லவில்லை. விதானையார் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

மூன்று நீளக் குற்றி வேண்டும், முக்காலியாகக் கட்டி கிணற்றின்மேல் நிறுத்த. பாக்கியத்தின் பங்கர் கூரையில் முழுப் பனைகளையே அடுக்கியிருந்தார்கள். அதைக் கழற்றினால் அவளுக்குப் பங்கர் இல்லை. எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

“எடுங்கோ. மாடில்லாத வீட்டுக்கு என்னத்துக்குப் பங்கர்?” என்றாள்.

கரையூரிலிருந்து இடம்பெயர்ந்து கோயில் மடத்தில் இருந்த ஒரு கடற்றொழில்காரர் தன் வள்ளத்துக் கப்பிகள் இரண்டையும் நங்கூரக் கயிற்றையும் கொண்டுவந்தார். வள்ளம் போய்விட்டது, இவற்றைக் காவிக்கொண்டு வந்திருக்கிறார். ஏன் என்று கேட்கவில்லை. நானாயிருந்தாலும் காவித்தான் இருப்பேன்.

நான் கிணற்றுக்குள் இறங்கினேன். மாட்டின் நெஞ்சுக்குக் கீழே ஒரு பட்டி, வயிற்றுக்குக் கீழே ஒரு பட்டி. கயிறு தோலை வெட்டாமல் இருக்கச் சாக்கை மடித்து வைத்தேன். மயிலை நன்றிக்கடனாக என் பாதத்தில் ஏறி நின்றது. அந்தக் கால் விரல் இன்றைக்கும் மழைக்கு நோகும்.

கயிற்றை மேல் கப்பியால் கொண்டுவந்து, முக்காலியின் அடியில் இன்னொரு கப்பி கட்டித் திருப்பி, ஒழுங்கைப் பக்கமாக நிலத்தோடு நீட்டினேன். இது முக்கியம். மேலிருந்து சரிவாக இழுத்தால் முக்காலியே நம் தலையில் வந்துவிடும்.

பிறகு பாக்கியத்தோடு சண்டை. அவள் கிணற்றுக் கட்டில், கயிற்றுக்கு நேரே நின்றாள். “அறுந்தால்?” என்று கேட்டு, விலகச் சொன்னேன். தன்னைக் கண்டால்தான் மாடு பதறாமல் இருக்கும் என்றாள். அதுவும் உண்மைதான். ஆனால் அந்த இடம் சாவுக்கு அளந்து வைத்த இடம். சத்தம் போட்டேன், அவள் என்னைவிடப் பெரிய சத்தம் போட்டாள். கடைசியில் நான் தொட்டியில் குந்தினேன். சுருட்டு இல்லை, சும்மா குந்தினேன்.

“என்ன அண்ணை, இருக்கிறியள்? மாடு அந்தரப்படுகுது.”

“நீ விலகினால் எழும்புவன்.”

“நான் விலகாட்டி?”

“மாடும் நானும் இப்பிடியே இருப்பம்.”

என்னைத் திட்டிக்கொண்டே ஆடுகால் மரத்துக்குப் பின்னால் போனாள். தண்ணீர் இறைக்கும் துலாவைத் தாங்குகிற அந்த மரம் நல்ல தடிப்பு. அதன் பின்னாலிருந்து மாட்டோடு கதைத்தாள். மாடு காதை அசைத்தது. குரல் போதும் அதற்கு.

நாற்பது பேருக்கு மேல் கயிற்றைப் பிடித்தார்கள். நான் “மெல்ல” என்றேன். எங்கள் ஊரின் பௌதிக மாஸ்டரும் கயிற்றில் நின்றார். ஊர்ப் பிள்ளைகளுக்கு உயர்தரம் படிப்பிக்கிறவர், ஈர்க்குமாதிரி ஆள். அவர், மாடு சீராக ஏற மாட்டின் நிறைக்குச் சமனான விசையே காணும், அதற்குமேல் வேண்டாம், வேகத்தை ஏற்றுகிற ஆர்முடுகல் கூடினால் கயிற்றில் இழுவை கூடும் என்று சரியாகத்தான் சொன்னார். அவர் வகுப்பிலேயே கேட்காதவர்கள் கிணற்றடியிலா கேட்கப் போகிறார்கள்?

கயிறு என்று கையில் வந்தால் எங்கள் சனத்துக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தேர். பின்னால் நின்ற ஒருவர் “அரோகரா” என்றார். நாற்பது பேரும் “அரோகரா” என்று ஒரே வெட்டாக வெட்டி இழுத்தார்கள். தேருக்கு அது சரி. சில்லு மண்ணைக் கடித்துக்கொண்டு நிற்கும். அந்த உராய்வை உடைக்க ஒரு வெட்டு வேண்டும். அந்தரத்தில் தொங்கப்போகும் மாடு எதைக் கடித்துக்கொண்டிருக்கிறது? மரியாம்பிள்ளையரின் பூட்டும் நூலும்தான். மாடு தண்ணீரிலிருந்து கிளம்பவில்லை, கயிறு படீரென்று அறுந்தது. நாற்பது பேரும் ஒழுங்கைக்குள் ஒருவருக்குமேல் ஒருவர் மல்லாந்தார்கள். அறுந்த நுனி பாக்கியம் முதலில் நின்ற கட்டில் வந்து அடித்துச் சீமெந்தைப் பெயர்த்தது.

 பாக்கியம் பெயர்ந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அன்று முழுக்க நான் காட்டிய இடத்தைவிட்டு அவள் அசையவில்லை.

அறுந்தது மாட்டுப் பக்க நுனியில். மிச்சம் காணும். கடற்றொழில்காரரும் நானும் கயிறு முழுவதையும் கையால் தடவிப் பார்த்துத் திரும்பக் கட்டினோம். இந்தமுறை கயிற்றின் வாலை ஒழுங்கை முனையில் நின்ற பனைக்குக் கொண்டுபோய், சாக்குச் சுற்றி, அதன்மேல் மூன்று சுற்றுச் சுற்றினேன். மரத்தில் சுற்றிய கயிற்றை உராய்வு கவ்விக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றுக்கும் பிடி பல மடங்கு ஏறும். மூன்று சுற்று என்றால் வாலைப் பிடிக்க ஒரு ஆள் காணும், ஈர்க்குமாதிரி ஆளாக இருந்தாலும். மாஸ்டரை அங்கே நிறுத்தினேன். இழுக்கிறவர்கள் பனையை நோக்கி வரவர, தொய்கிற கயிற்றை அவர் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பனையடிக்கு வந்தவர் கயிற்றை விட்டுவிட்டு ஓடிப்போய்க் கிணற்றுப் பக்கத்தில் திரும்பப் பிடிக்க வேண்டும்.

மாஸ்டர் சுற்றுக்களை எண்ணிப் பார்த்தார். “படிப்பிச்சிருக்கிறன். பிடிச்சதில்லை” என்றார்.

பிறகு எல்லோரையும் கூப்பிட்டு, இழுக்கவே கூடாது, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க மட்டும் வேண்டும் என்றேன். எப்படி நடை என்று கேட்டார்கள். என் வாய், “செத்தவீட்டுக்குப் போற நடை” என்றது.

ஆடுகால் மரத்துக்குப் பின்னாலிருந்து பாக்கியம், “என்ரை மாடு உயிரோடை நிக்குது, உங்கடை நாக்கிலை புண் வர” என்றாள்.

“சரி. மணவறைக்குப் போற பொம்பிளை நடை. காணுமோ?”

“அது காணும்.”

நாற்பது ஆம்பிளைகள், சாரத்தை மடித்துக்கட்டி, தோளில் நங்கூரக் கயிற்றோடு, தலையைக் குனிந்து அடிமேல் அடிவைத்து நடந்த காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெண்கள் வேலியால் எட்டிப் பார்த்துக் குரவை இட்டார்கள். விதானையாருக்கு நாணம் நன்றாக வந்தது. ஆனால் கயிறு சிணுங்கவில்லை. மாட்டின் முதுகு தண்ணீரைவிட்டு ஏறியது, வயிறு ஏறியது, குளம்பு ஏறியது. சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டு மேலே வந்தது.

பாதிக் கிணறு வந்திருக்கும். தெற்கில் பொம்மர்ச் சத்தம்.

ஊர் கயிற்றை விட்டுவிட்டு ஓடியது. நான் குறை சொல்லமாட்டேன், பிள்ளைகுட்டிக்காரர். மாடு ஒரு சாண் இறங்கியது. என் உயிரும் அந்தச் சாண் இறங்கியது. அதோடு நின்றது. திரும்பிப் பார்த்தால் பனையடியில் மாஸ்டர், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, வாலைப் பிடித்தபடி. தொய்வை ஒழுங்காக எடுத்து வைத்திருக்கிறார் மனிதர். இல்லாவிட்டால் அந்தச் சாண் ஆள் உயரமாகியிருக்கும். அந்த வெட்டுக்குக் கயிறும் போயிருக்கும்.

“மாஸ்டர், விட்டிடாதேங்கோ.”

“விடேல்லை. கதை குடுக்காதேங்கோ.”

பாக்கியம் அதே இடத்தில் நின்றாள். ஓடச்சொல்லிக் கத்தினேன்.

“நீங்கள் காட்டின இடம்தானே அண்ணை. கயித்துக்குக் காணுமெண்டால் பொம்மருக்கும் காணும்” என்றுவிட்டு மாட்டோடு கதைக்கத் தொடங்கினாள். மேலே அது இரைகிறது, இவள் மயிலைக்குப் பின்னேரம் வைக்கப்போகும் தவிட்டைப் பற்றிச் சொல்கிறாள். மாடு உதைக்கவில்லை. உதைத்திருந்தால் ஊஞ்சலாகி முக்காலி சரிந்திருக்கும்.

பொம்மர் வேறெங்கோ போனது. சனம் சாரத்தில் மண்ணோடு திரும்பி வந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கயிற்றைத் தோளில் போட்டார்கள். குளம்பு கட்டுக்கு மேலே வந்ததும் நிறுத்தி, பங்கரின் மிச்சப் பனைகளைக் கிணற்று வாய்க்குக் குறுக்கே வைத்து, வீட்டுக் கதவுகளைக் கழற்றி அவற்றின்மேல் அடுக்கினோம். மாஸ்டர் மெல்ல மெல்ல இளக்கினார். மயிலை கதவில் நின்றது, நடுங்கியது, உடம்பை உதறி எங்கள் எல்லோரையும் நனைத்தது, நடந்துபோய் யாரோ ஒருவருடைய வாழைக்குட்டியைத் தின்றது. பாக்கியம் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். வாழைக்காரர் மிச்ச இலையையும் பிடுங்கி அதன் வாயில் வைத்தார்.

மாஸ்டரின் விரல்கள் கயிற்றைவிட்டுத் திறக்கவில்லை. ஒவ்வொன்றாக நாங்கள்தான் பிரித்துவிட்டோம். அடுத்த நாள் வகுப்பில் உராய்வு எடுத்தாராம். கரும்பலகையில் எழுதக் கை வரவில்லையாம்.

தொண்ணூற்றைந்தின் கடைசியில் இராணுவம் வர, எங்கள் வலிகாமப் பகுதியே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. அந்த மழையைப் பற்றி மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் ஒன்று மட்டும் சொல்கிறேன். என் மனைவிக்கு நடக்க ஏலாது. அவளை ஏற்றிப் போனது பாக்கியத்தின் வண்டில். வழியிலிருந்த பாலத்துக்கு முந்திய ஏற்றத்தில் சேற்றுக்குள் சில்லுப் புதைந்தது. முன்னால் சனம், பின்னால் சனம். பின்னால் வந்தவர்கள் பொறுமையிழந்து, யாரோ குரல் கொடுக்க, வண்டிலை வெட்டித் தள்ளினார்கள். மாடுகள் வெருண்டு பாய, நுகக்கயிறு முறுகிக் கிறீச்சிட்டது. சேற்றில் சில்லை விடுவிக்க வெட்டு உதவும், தெரியும். ஆனால் அந்தக் கயிறு பழையது, அறுந்தால் மாட்டுக்கு வேறு கயிறு இல்லை, என் மனைவிக்கு வேறு வண்டில் இல்லை.

நான் வாயைத் திறக்க முன்னம் பாக்கியம் வண்டிலிலிருந்து குதித்தாள். பின்னால் போய், சில்லுக்கு நேரே நின்ற ஒருவரைத் தோளில் பிடித்துத் தள்ளி நிறுத்தினாள்.

“அறுந்தால்?” என்று கேட்டாள்.

அவருக்கு விளங்கவில்லை. வேற்றூர் ஆள். முழித்தார்.

“அப்ப அங்காலை நில்லுங்கோ. மற்ற எல்லாரும் தோளைக் குடுங்கோ. இழுக்க வேண்டாம், தள்ள வேண்டாம். பொம்பிளை நடை.”

சனத்துக்குள் எங்கள் ஊர்க்காரர் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். தலையில் மூட்டையோடு, மழைக்குள், ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். விதானையார்தான் முதலில் தலையைக் குனிந்து அடி எடுத்து வைத்தார். மயிலை நுகத்தில் சாய்ந்தது. சில்லு மெல்லச் சுழன்றது.